தெரிந்தே தப்பாக வாசித்தவள்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த வருடம், நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. ஆறாம், ஏழாம் ஆண்டுக்கு வந்தும் வாசிக்கத் திணறும் பெண்பிள்ளைகளுக்கு, பள்ளி விட்ட பிறகு நாலு மணி வரை பாடம் சொல்லித்தர வேண்டும். ஹட்டனில் இருந்த ஒரு நிறுவனம் அதை நடத்தியது. இடம் பதினைந்துதான். வாசிக்கப் பழகிவிட்ட பிள்ளையை அனுப்பிவிட்டு, காத்திருக்கும் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொள்வது அவர்கள் விதி.

அந்தப் பதினைந்து பேரில் ஒருத்தி மட்டும் எட்டு மாதமாகியும் அசையவில்லை. ஏழாம் ஆண்டுப் பிள்ளை. மழைக்குப் பயந்து மற்றவர்கள் ஓடிவிடும் நாட்களிலும் அவள் வந்துவிடுவாள். என் மேசைக்கு நேர் எதிரே உட்காருவாள். வாசிக்கச் சொன்னால் ‘மலை’யை ‘மாலை’ என்பாள். ‘கிணறு’ வந்தால் அப்படியே நின்றுவிடுவாள். எனக்கு அவள்மேல் எரிச்சல். மாத அறிக்கையில் அவளுக்கு நேரே ‘அக்கறை இல்லை’ என்று எழுதிக்கொண்டே வந்தேன்.

பிள்ளைகளைச் சோதிக்க நிறுவனத்து அதிகாரி வருவதற்கு இரண்டு நாள் முன்பு, இன்னொரு பிள்ளை என் மேசையில் புத்தகத்தை வைத்து வாசித்துக்கொண்டிருந்தது. ‘சுற்றுச்சூழல்’ என்ற சொல்லில் திக்கியது. எதிரே இருந்த இவளுக்குப் புத்தகம் தலைகீழாகத் தெரிந்திருக்கும். ஆனாலும் அந்தச் சொல்லை உதட்டுக்குள் சொன்னாள். அடுத்த வரியையும் சேர்த்தே சொன்னாள். நான் நிமிர்ந்ததும் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்து, அப்போது ஒன்றும் கேட்காமல் விட்டேன்.

அதிகாரி யாழ்ப்பாணத்துப் பெண்மணி. ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு வாசிக்க வைத்தார். இவள் முறை வந்தது. அவள் தாளைக் கையில் எடுத்து, முதல் வரியிலேயே மூன்று பிழை விட்டாள். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“எட்டு மாசமாப் படிப்பிக்கிறீங்கள். இந்தப் பிள்ளை துவங்கின இடத்திலேயே நிக்கிறாவே?” என்றார் அதிகாரி என்னைப் பார்த்து.

எனக்கு அவமானமாகிவிட்டது. அவளைத் தண்ணிக் குழாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

“ஒனக்கு நல்லா வாசிக்கத் தெரியும். வேணும்னேதானே பொய் சொல்ற?”

அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசும்.

“நீங்க என்னப் பத்தி எழுதுறதக்கூட வாசிப்பேன் டீச்சர்,” என்றாள். “அக்கறை இல்லைனு எழுதியிருக்கீங்க.”

என் கை தானாக விலகியது.

“அப்புறம் ஏன்?”

“சரியா வாசிச்சா வகுப்பிலருந்து அனுப்பிருவீங்கல்ல? ரெண்டு மணிக்கே வீட்டுக்குப் போகணும். அம்மா வர நாலரை ஆயிரும்.”

“வீட்ல யாரு?”

“பெரியப்பா.” அப்பாவின் அண்ணன். அப்பா கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறார். வேலை இல்லாமல் வந்த அண்ணனை வீட்டில் தங்கச் சொன்னதும் அவர்தான். “கதவச் சாத்திட்டு வந்து பக்கத்துல ஒக்காருன்னு சொல்லுவாரு. நான் பின்பக்கமா ஓடிருவேன். லீவு நாள்ல கொழுந்து மலையில அம்மாகூடவே நிப்பேன். யாருகிட்டயும் சொல்லாதீங்க டீச்சர். அப்பாவுக்குத் தெரிஞ்சா அம்மாவத்தான் ஏசுவாரு.”

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

“நான் இப்ப போகேல்லை. பிள்ளை என்னோட இருக்கட்டும். நீங்கள் ஓடிப்போய்த் தாயிட்டச் சொல்லுங்கோ.”

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அவள் அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். ஏன் இதில் தலையிடுகிறாய் என்று கேட்பார், மகள் பொய் சொல்கிறாள் என்பார் என்றெல்லாம் எண்ணித்தான் போயிருந்தேன். அவர் கூடையின் கயிற்றைத் தலையிலிருந்து கழற்றினார்.

“எத்தன நாளா?”

“வகுப்பு ஆரம்பிச்ச நாள்லருந்துன்னு நெனைக்கிறேன் அக்கா.”

“புள்ள எங்க?”

“பள்ளிக்கூடத்துல. மேடம் கூட.”

“அங்கேயே இருக்கட்டும்,” என்றவர் கொழுந்தை நிறுக்காமலே கூடையைப் போட்டுவிட்டு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பாதையில் இறங்கினார். நான் பின்னால் ஓடினேன்.

அந்த ஆள் வாசல் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அம்மா அவனைத் தாண்டி உள்ளே போய், அவனுடைய பையை எடுத்து வந்து வாசலில் வைத்தார்.

“கெளம்புங்க.”

“என்னா கத இது? எந் தம்பி வீட்டுக்கு வந்திருக்கேன். நீ யாரு என்னைப் போகச் சொல்ல?” அவன் எழுந்து நின்றான். ஆள் நல்ல உயரம்.

“பேர் பதிஞ்சு இந்தத் தோட்டத்துல வேல செய்றவ நானு. காம்பரா எம் பேர்லதான் இருக்கு. கெளம்புங்க.”

சத்தம் கேட்டுப் பக்கத்துக் காம்பராக்களிலிருந்து பெண்கள் வெளியே வந்தார்கள். காரணத்தை அம்மா சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. ஒவ்வொருத்தியாக வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார்கள். அவன் என்னை ஒருமுறை முறைத்தான். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ் ரோட்டுக்கு ஏறினான். அவன் வளைவில் மறைந்த பிறகுதான் அம்மா படியில் உட்கார்ந்து அழுதார்.

அடுத்த வாரம் அதிகாரி, சிறுவர் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார். அம்மா எல்லாவற்றையும் சொல்லிப் புகாரில் கையெழுத்துப் போட்டார். அதே நாளில் அவளை மறுபடியும் சோதித்தார்கள். ஒரு பக்கம் முழுவதையும் மூச்சு விடாமல் வாசித்து முடித்தாள். விதிப்படி அவள் இடம் போயிருக்க வேண்டும். “வாசிக்கத் தெரிஞ்ச புள்ளைங்கள மட்டும் ரெண்டு மணிக்கே தொரத்தி விடுவீங்களா?” என்று அம்மா எங்களைக் கேட்டார். அதிகாரி தன் அலுவலகத்தோடு ஒரு மாதம் மல்லுக்கட்டி, வாசிக்கத் தெரிந்தவர்களுக்கும் கணக்கு வகுப்பு ஒன்றைத் தொடங்க வைத்தார். அதுவரை அவளை நான் பதிவில் பெயர் இல்லாமலே உட்கார வைத்திருந்தேன்.

பொங்கலுக்கு அவள் அப்பா வந்தார். அதற்கு முன்பே போனில் அம்மாவை ஏசித் தீர்த்தார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பள்ளி திறந்து இரண்டாம் நாள், வகுப்பு நேரத்தில் பள்ளிக்கூடக் கேற்றடியில் வந்து நின்றார்.

“நீங்கதானா அந்த டீச்சர்?”

“ஆமாங்க.”

“எனக்கு மொதல்ல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?”

அவர் என்னைத் தாண்டி வகுப்பறையைப் பார்த்தார். பிறகு கேட்டார், “எம் மக எங்க ஒக்காருவா?”

ஜன்னலோரம் கையைக் காட்டினேன். உள்ளே வரச் சொன்னதற்கு வேண்டாம் என்றார். நாலு மணி வரை அங்கேயே நின்றார். வகுப்பு விட்டதும் அவள் அவரைப் பார்த்துத் தயங்கினாள். அவர் அவளுடைய புத்தகப் பையை வாங்கிக்கொண்டார். இருவரும் லயத்துப் பாதையில் இறங்கினார்கள். அவள் நாலு அடி முன்னே, அவர் பின்னே.