ஸ்வெட்டருக்குள் கிடந்த டோக்கன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். அப்பாவுக்காக பஜாரில் வாங்கிய ஸ்வெட்டரை அவர் வேண்டாமென்று சொல்லிவிட, மறுவாரம் அதைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"யாரும் போடவே இல்ல பாய்" என்றேன்.

கடைக்காரர் பிரித்துப் பார்த்தார். அதன் பையிலிருந்து எங்கள் கேன்டீன் டோக்கன் விழுந்தது.

"போட்டதை எடுத்துக்கறதில்ல தம்பி."

கடையிலிருந்த எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"திருப்பி எடுக்க மனசில்லாம நீங்களே டோக்கனை உள்ள போட்டுட்டீங்க!" என்று கத்திவிட்டு, ஸ்வெட்டரைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினேன்.

நடந்ததைச் சொன்னதும் அறைத்தோழன் முருகேசன் திருதிருவென விழித்தான். "நைட் ஷிப்டுல குளிர் தாங்கல. ஒரே நாள்தான்டா போட்டேன்."

அவனை அடிக்கவே போனேன். ஆனால் பாயிடம் அப்படிப் பேசியது நான்தானே?

மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க போடலன்னு நேத்தே தெரியும். அது உங்க தோளுக்கு ஏறாது. வீட்ல விசாரிங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள கூட்டத்துல என்னைப் பொய்யனாக்கிட்டீங்க" என்றார் பாய்.

'பரவாயில்லை' என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். ஒரு நிமிடம் வாயை மூடியிருக்கலாமே என்ற எரிச்சல், இத்தனை வருடம் கழித்தும் எனக்கு என்மேல் தீரவில்லை.