கேட்டுக் கட்டாத கல்யாணம்

சித்தியை நான் நம்பவில்லை. எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நல்ல பிள்ளை வேஷம் போட முடியாது.

என் அம்மா இறந்த மறு வருஷமே அம்மாவின் தங்கையை அப்பாவுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். நான் அப்போது கைக்குழந்தை. வேற்று ஆள் வந்தால் பிள்ளையைக் கொடுமைப்படுத்துவாள், சொந்த ரத்தம் என்றால் பார்த்துக்கொள்ளும் என்பது பேரையூர்ச் சொந்தங்களின் யோசனை. ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஊரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். பந்தலுக்குப் பின்னால் பெரியம்மா ஒருத்தி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "புள்ள ஆளாகுற வரைக்கும் பாத்துக்கட்டும்னுதான அவளக் கட்டிவச்சோம்."

எனக்குத் திக்கென்றது. அப்படியானால் நான் வயதுக்கு வந்ததும் சித்தி கிளம்பிவிடுவாளா? அன்றையிலிருந்து வளர்வதே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. வயிறு லேசாக வலித்தாலும் வெளியே சொல்லமாட்டேன். சித்தியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பேன். சந்தேகப்பட்டுப் பார்த்தால் எல்லாமே சந்தேகமாகத்தான் தெரிகிறது. அவள் துணிமணி பீரோவில் இல்லை, கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அப்பாவும் அவளும் நேராகப் பேசிக்கொள்வது குறைவு. "உங்க சித்திய காப்பி போடச் சொல்லு" என்பார். "சீனி இல்லன்னு உங்க அப்பாகிட்டச் சொல்லு" என்பாள். மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்போம். நடுவில் நான் ஒரு தபால்காரி.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் புத்தகம் வந்தது. நாங்கள் குடியிருந்த கே.கே. நகரில் அப்போது பாதி மனை காலி. எங்கள் மாடியில் குடியிருந்த டீச்சர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். பரீட்சை லீவில் சும்மா கிடந்த என்னிடம் அட்டை கிழிந்த தமிழ் நாவல் ஒன்றைக் கொடுத்தார். எங்கோ ஒரு குளிர் தேசத்தில், எந்தக் காலத்திலோ நடக்கிற கதை. அட்டையில் பனி, பனிக்குள்ளே ஒரு சர்ச், மேலே சிலுவை.

அப்பா சிலுவையைப் பார்த்தார், அவ்வளவுதான். "இப்படித்தான் முதல்ல கதைப் புத்தகம் குடுப்பாக, அப்புறம் கோயிலுக்குக் கூப்பிடுவாக" என்றார். அவர் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். எதையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் மத்தியானம் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து நான் சத்தமாகப் படிக்கவேண்டும், அவர் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார் என்று ஏற்பாடு. சித்தி பக்கத்தில் அரிவாள்மனையோடு.

கதை இதுதான். ஆற்றோரத்தில் மாவு மில் வைத்திருப்பவன் மனைவியைப் பறிகொடுத்துவிட்டான். ஒரு சின்ன மகள். அந்த ஊர்ப் பாதிரியார் செத்துப்போனதால் அவருடைய மகளுக்கு இருக்க வீடில்லை. அவனுக்குப் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும், அவளுக்குத் தலைக்கு மேலே கூரை வேண்டும். ஆசையே இல்லாமல் சர்ச்சில் போய்க் கல்யாணம் பண்ணிக்கொள்கிறார்கள். அவன் மில்லில் படுத்துக்கொள்கிறான், அவள் வீட்டில். எனக்கு அந்தக் கதை தித்தித்தது. வெளியே தார் ரோடு கொதிக்கும், உள்ளே நான் பனியில் நடந்துகொண்டிருப்பேன். இன்றைக்கும் அந்த மாதிரிக் கதை கிடைத்தால் உலை பொங்குவதுகூடத் தெரியாமல் படிப்பேன்.

"ஜெபம் வந்தா தாண்டிப் படி" என்றார் அப்பா.

"தாண்டாத. அவ என்ன வேண்டிக்கிட்டான்னு தெரியணும்ல" என்றாள் சித்தி.

சித்திக்கு அந்த மில்காரன்மேல் சந்தேகம். "பொண்டாட்டிய வீட்டுல வச்சுக்கிட்டு மில்லுல எதுக்குப் படுக்கான்? வேற எங்கயோ தொடுப்பு இருக்கு." பிறகு அது இல்லை என்று தெரிந்ததும் வேறொரு காரணம் கண்டுபிடித்தாள். "செத்தவளுக்கு ஒரு சேலை வச்சுக் கும்பிட்டிருக்கணும். அதச் செய்யாம விட்டாக. அதான் இம்புட்டு இழுபறி."

"வேதக்காரங்க சேலை வச்சுக் கும்பிட மாட்டாக" என்று அப்பா என்னிடம் சொன்னார்.

எங்கள் வீட்டில் கும்பிடுவோம். ஒவ்வொரு தை மாதமும் அம்மாவுக்கு ஒரு புதுச்சேலை எடுத்து, படத்துக்கு முன்னால் வைத்துச் சாமி கும்பிட்டு, அதைச் சித்தி எடுத்து உடுத்திக்கொள்வாள். அம்மாவுக்குப் பிடித்த அரக்குக் கலர்தான் எடுப்பார்கள். சித்திக்கு எந்தக் கலர் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். மில்காரன் கை முழுக்க மாவோடு வந்து நிற்கிறான். "அன்று காரியத்துக்காக மணந்தோம். இன்று கேட்கிறேன். என் மனைவியாக இருக்க உனக்குச் சம்மதமா?" என்கிறான். நான் மூச்சுவிடாமல் படித்துக்கொண்டிருந்தேன். அரிவாள்மனையின் சத்தம் நின்றுபோயிருந்தது.

"அவளயாச்சும் கேட்டான்," என்றாள் சித்தி. "என்னைய ஒருத்தரும் கேக்கல."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.  அப்பா என்னிடம் அல்ல, அவளிடமே பேசினார்.

"இப்பக் கேக்குறேன். உனக்கு இஷ்டந்தானா?"

சித்தி நறுக்கிய கத்திரிக்காயைத் தண்ணீரில் அள்ளிப் போட்டாள். "யோசிச்சுச் சொல்றேன் மச்சான்" என்று எழுந்து போய்விட்டாள்.

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. இத்தனை வருஷம் இருந்த வீட்டைப் பற்றி இனிமேல் யோசிக்க என்ன இருக்கிறது? போவதற்குத்தான் யோசிக்கிறாள். அந்தப் பாழாய்ப்போன புத்தகத்தை ஏன் படித்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அப்பாவுக்கும் அதே பயம்தான். ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்தார். கேட்காமலேயே மல்லிகைப்பூ வாங்கிவந்து ஆணியில் மாட்டினார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சித்தி ஏதாச்சும் சொல்லுச்சா?" என்று கேட்டார். சித்தி பூவை வைத்துக்கொண்டாள், வாயைத் திறக்கவில்லை. வேண்டுமென்றே அலையவிட்டாள் என்று இப்போது தோன்றுகிறது. நன்றாக வேண்டும் எங்களுக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தோம். சித்தி அப்பாவுக்குக் குழம்பை ஊற்றிவிட்டுக் கரண்டியை வைத்தாள்.

"அன்னைக்குக் கேட்டிருந்தீகன்னா மாட்டேன்னு சொல்லியிருப்பேன். எனக்கு மேல படிக்கணும்னு ஆசை இருந்துச்சு. யாருக்குத் தெரியும் அது?"

அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பச் சரிங்கிறேன். ஆனா புள்ளைக்காக இருக்கேன்னு ஊருல ஒருத்தரும் இனிமே சொல்லக் கூடாது. இவளுக்காக இல்ல. எனக்கு இருக்கணும்னு தோணுது, இருக்கேன்."

நான் ஓவென்று அழுதுவிட்டேன். 'இவளுக்காக இல்ல' என்றதில் பிள்ளை மனசு நொந்துவிட்டது என்று இரண்டு பேரும் பதறிப்போய் என்னைச் சமாதானப்படுத்தினார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்காக இல்லையென்றால், நான் எவ்வளவு வளர்ந்தாலும் அவள் போகவேண்டியதில்லை.