கட்டைவிரலில் ஒட்டிய கறி

சித்தூர் மிஷன் பங்களாவில் இரண்டு வருஷமாகச் சாப்பாட்டில் காரம் ஏறிக்கொண்டே போனது. மிஸ் கார்வர் ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு வாய் தண்ணீர் குடித்தாரே தவிர, சமையல்காரி கிருபாபாயிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாவம், இவளுக்குக் கைப்பக்குவம் போய்விட்டது என்று நினைத்திருப்பார். கைப்பக்குவம் எங்கேயும் போகவில்லை. பங்களாவின் கறிக்குழம்பை ருசி பார்த்தது கிருபாபாயே அல்ல, தோட்டக்காரன் கன்னையா. அது நகரிப் பக்கத்து நாக்கு. எதை வைத்தாலும் காரம் போதாது என்றுதான் சொல்லும்.

கிருபாபாய்க்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. பன்னிரண்டு வயதில் வெங்காயம் உரிக்க அந்தக் குசினிக்குள் வந்தவள். கட்டினவர் நேசகுமார், மிஷன் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். அவர் புண் கட்டினால் அழுகிற குழந்தைகூட வேடிக்கை பார்க்கும் என்பார்கள். பிள்ளை இல்லாத வீட்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டே காலம் கழித்தார்கள். சண்டைக் காலம் வந்தது. பட்டாள ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுத்தபோது அந்த மனுஷர் பெயரைக் கொடுத்துவிட்டு மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. அதற்குப் பிறகு வந்தது ஒரே ஒரு சர்க்கார் காகிதம். நேசகுமாரைப் பற்றித் தகவல் இல்லை என்று அதில் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிருபாபாய் ஒரு பொருத்தனை செய்தாள். அவர் கையெழுத்தைப் பார்க்கிற வரைக்கும் என் நாக்கில் கறி படாது ஆண்டவரே என்றாள். சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். எலும்பை உறிஞ்சாமல் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை முடிந்ததே இல்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மிஸ் கார்வரிடம் சொல்லவே முடியாது. பெண்கள் கூட்டத்தில், "தேவனோடு பேரம் பேசாதேயுங்கள், அவர் சந்தைக்காரர் அல்லர்" என்று முன்ஷியிடம் கற்ற சுத்தத் தமிழில் பேசியவர் அவர்தான். கன்னையாவிடம் மட்டும் சொன்னாள். ருசி பார்க்க ஒரு நாக்கு வேண்டாமா?

புரட்டாசி வந்தால் அந்த நாக்கும் மூடிக்கொள்ளும். கன்னையா பெருமாளுக்கு நேர்ந்தவன். மாதம் முழுக்கக் கறி இருக்கிற பக்கம் தலை வைக்க மாட்டான். கிருபாபாயும் அந்த ஒரு மாதம் முட்டையும் காய்கறியுமாகப் பங்களாவைச் சமாளித்துவிடுவாள். இரண்டு புரட்டாசி அப்படித்தான் ஓடியது.

மூன்றாவது புரட்டாசியில் அமெரிக்காவிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அதற்குள் கைக்கு அடக்கமான ஒரு சாமான். இரண்டு வட்ட அலுமினியத் தட்டுகள், நடுவில் கீல், பிடித்து அமுக்க ஒரு கைப்பிடி. மிஸ் கார்வர் அதைத் திறந்து மூடித் திறந்து மூடி, பச்சைப் பிள்ளையைப் போலச் சிரித்தார்.

"கிருபாபாய், என் தம்பி ராபர்ட் வருகிறான். இராணுவத்தில் நான்கு நாள் விடுமுறை. அப்புறம் பர்மா எல்லைக்குப் போகிறான். எங்கள் தாயார் இந்த அச்சில்தான் கறி வடை செய்வார்கள். ஒரே ஒரு முறை அதை உண்ண வேண்டுமாம்."

"மசாலா இன்னா போடணும் மிஸ்ஸியம்மா?"

"ஒன்றும் வேண்டாம். உப்பு, மிளகு, அவ்வளவே. பன்னுக்கு நடுவில் வைக்க வேண்டும்."

இஞ்சி பூண்டு போட்டால் உப்பு முன்னே பின்னே இருந்தாலும் மறைத்துவிடலாம். வெறும் உப்பும் மிளகும் என்றால் எங்கே போய் ஒளிவது? அதுவும் மூன்றாம் சனிக்கிழமை. கன்னையா முந்தின நாளே மொட்டை போட்டுக்கொள்ளத் திருப்பதிக்கு ரயில் ஏறிவிட்டான். அவன் இருந்திருந்தாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

சனிக்கிழமை காலையில் மிஸ் கார்வர் ஸ்டேஷனுக்குப் போனார். குசினியில் கிருபாபாய் தனியாக இருந்தாள். ஆட்டுக்கறியைக் கொத்துக்கறியாகக் கொத்தி, உப்பைக் கண் அளவில் போட்டுப் பிசைந்தாள். எடை, அளவு எதுவும் அவளுக்குப் பழக்கமில்லை. முப்பது வருஷமாகக் கண் போடும், நாக்கு திருத்தும், அவ்வளவுதான் அவள் வித்தை. இன்றைக்குக் கண்ணை மட்டும் நம்பிப் போய்விடுவோம், மேசையில் உப்புக் கிண்ணம் இருக்கிறதே என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

முதல் உருண்டையை அச்சில் வைத்து அமுக்கினாள். கறி தட்டோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. வாழை இலையை வட்டமாகக் கிள்ளி, எண்ணெய் தடவி, மேலே ஒன்று கீழே ஒன்று வைத்து அமுக்கினாள். இப்போது முழு நிலா மாதிரி வழுக்கிக்கொண்டு விழுந்தது. அவளுக்கே சிரிப்பு வந்தது. நேசகுமார் பார்த்திருந்தால் இதை வைத்து ஒரு மாசம் கேலி பண்ணியிருப்பார். இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவதில் கீல் பக்கம் கறி பிதுங்கியது. கட்டைவிரலால் அதை வழித்தாள். வழித்த விரல் வாய்க்குப் போனது.

அவளாகக் கொண்டுபோகவில்லை. முப்பது வருஷத்துப் பழக்கம், விரல் தானே வழி தெரிந்து போய்விட்டது. விழுங்கிய பிறகுதான் தெரிந்தது.

கொல்லைப் பக்கம் ஓடிக் காறிக் காறித் துப்பினாள். கட்டைவிரலைச் சுவரில் தேய்த்தாள். தண்ணீர் விட்டு வாயைக் கொப்பளித்தாள். விழுங்கியது விழுங்கியதுதான். "ஐயோ, உங்கள நானே கொன்னுட்டனே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, சொன்ன வார்த்தைக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கேயோ ஒரு முகாமில் அந்த மனுஷர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார், இந்த நிமிஷம் அந்த மூச்சு நின்றிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்தப் பயத்தின் நடுவிலும் நாக்கு தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. உப்பு குறைச்சல். நன்றாகவே குறைச்சல்.

இதை என்னவென்று சொல்வது! உப்புப் போட்டால், பொருத்தனையை முறித்ததால் கிடைத்த சேதியை வைத்துப் பிழைத்ததாக ஆகிவிடும். போடாவிட்டால், சண்டைக்குப் போகிற ஒரு பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்ட ஒரு வேளைச் சாப்பாடு சப்பென்று போகும். தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. கிருபாபாய் அழுதுகொண்டே, அமுக்கியதையெல்லாம் மறுபடி சட்டியில் போட்டு, உப்புத் தூவிப் பிசைந்தாள். தெரியாமல் நக்கியது ஒன்று, தெரிந்தே உப்புப் போட்டது இன்னொன்று. இரண்டும் அவள் கணக்கில்தான்.

ராபர்ட் துரை உயரமான பையன். மூன்று வரைக்கும் பேசாமல் தின்றான். நாலாவதை எடுத்துக்கொண்டு குசினிக்கே வந்துவிட்டான். ஏதோ சொன்னான், கண் கலங்கியிருந்தது. அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் கைக்குள் அந்தக் கட்டைவிரல் மாட்டியிருந்ததை நினைத்து அவளுக்கு உடம்பு கூசியது.

திங்கட்கிழமை அவன் போனான். அன்றைக்கே கன்னையா மொட்டைத் தலையில் சந்தனத்தோடு திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தான்.

"இன்னாக்கா, முகமெல்லாம் வீங்கிக் கெடக்குது?"

அவள் சொன்னாள். அவன் மொட்டையைத் தடவிக்கொண்டான்.

"மலை மேல உன் ஊட்டுக்காரர் பேரையும் சொல்லி வேண்டிக்கினுதான் வந்தேன். ஒன்னும் ஆவாது, போ."

வேறு நாளாயிருந்தால் அதெல்லாம் எங்கள் முறை இல்லை என்று சொல்லியிருப்பாள். அன்றைக்குப் பேசாமல் கேட்டுக்கொண்டாள். யார் சொன்னால் என்ன, யாருக்காவது கேட்டால் போதும் என்று இருந்தது.

புதன்கிழமை பதினொரு மணிக்குத் தபால்காரர் நாகபூஷணம் சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு வந்தார். "கிருபாபாயம்மா, கார்டு! கார்டு ஒச்சிந்தி!" என்று, கார்டு வந்துவிட்டதை வாசலிலிருந்தே தெலுங்கில் கத்தினார். கிருபாபாய் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அதைத் தொடவே மாட்டேன் என்றாள். மிஸ் கார்வர் வாங்கிப் படித்தார். கைதிகள் அனுப்புகிற அட்டை. நலமாக இருக்கிறேன், கவலைப்பட வேண்டாம் என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. கீழே கோணல்மாணலாக அவர் கையெழுத்து. அது அவருடையதுதான். 'ந'வுக்குக் கீழே வேண்டாத ஒரு வாலை இழுத்துவிடுவது அவர் பழக்கம்.

"அவர் உயிரோடிருக்கிறார், கிருபாபாய்!"

ஒரு நிமிஷம் அவளுக்குக் கால் தரையில் இல்லை. நாகபூஷணம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கன்னையா மண்வெட்டியோடு வந்து நின்றான். அவள் அட்டையை வாங்கி, கையெழுத்தை விரலால் தடவி, அப்புறம்தான் கேட்டாள்.

"தேதி இன்னா போட்டுக்கீது, மிஸ்ஸியம்மா?"

மிஸ் கார்வர் பார்த்தார். போன வருஷம் ஜூன். அட்டை வந்து சேரப் பதினைந்து மாதம் ஆகியிருந்தது.

பதினைந்து மாதத்துக்கு முன்னால் உயிரோடிருந்தார். அவள் விரலை நக்கியது போன சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமையைப் பற்றி இந்த அட்டைக்கு என்ன தெரியும்? கிருபாபாய் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மிஸ் கார்வர் பதறிப்போய்க் கேட்க, பொருத்தனை, கன்னையாவின் நாக்கு, கட்டைவிரல், உப்பு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். காரத்தின் ரகசியம் மிஸ் கார்வருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனாலும் அவர் சிரிக்கவில்லை. அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"கர்த்தர் உன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் அல்லர், மகளே. இதற்காக அவர் ஒருவரைக் கொல்லுவாரோ?"

நல்ல வார்த்தைதான். கிருபாபாய் தலையாட்டினாள். பயம் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிந்தின தேதியில் ஒரு கையெழுத்து வருகிற வரைக்கும் கறி இல்லை என்று மறுபடி தொடங்கினாள்.

ஐப்பசி பிறந்தது. வாரம் தவறாமல் எழுதுகிறேன் என்று சொல்லிப் போன ராபர்ட்டிடமிருந்து முதல் வாரம் ஒரு கடிதம் வந்தது. அதோடு சரி. நாகபூஷணத்தின் மணிச் சத்தம் கேட்டால் இப்போது இரண்டு பேர் வராந்தாவுக்கு வந்தார்கள். ஒருநாள் மிஸ் கார்வர் கறிக் கிண்ணத்தை மூடி திறக்காமல் திருப்பி அனுப்பினார். மறுநாளும் அப்படியே. வயிறு சரியில்லை என்றார். கிருபாபாய் மேலே கேட்கவில்லை. வயிறு சரியில்லாதவர்கள் இப்படி ரசத்தை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மாதக் கடைசியில் வெளியூர் மிஷனரிகள் நாலு பேர் விருந்துக்கு வருவதாக இருந்தது. அந்த அமெரிக்கக் கறி வடைதான் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மிஸ் கார்வரும் குசினிக்கு வந்து, நானே அமுக்குகிறேன் என்று அச்சை வாங்கிக்கொண்டார். அம்மா வீட்டுக் கதை சொல்லிக்கொண்டே அமுக்கினார். சின்ன வயதில் ராபர்ட் இந்த அச்சில் ஈர மண்ணை வைத்து அமுக்கி அடி வாங்கியதைச் சொன்னார். கீல் பக்கம் கறி பிதுங்கியது. பேச்சு நிற்காமல் கட்டைவிரலால் வழித்தார். விரல் மேலே எழும்பியது.

மிஸ் கார்வர் சித்தூருக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் கிருபாபாய் மிஸ்ஸியம்மாவைத் தொட்டதில்லை. இப்போது பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். அச்சு தரையில் விழுந்து உருண்டது.

"வேணாம் மிஸ்ஸியம்மா! வேணாம்!"

மிஸ் கார்வருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு தன் விரலைப் பார்த்தார். உதட்டுக்கு ஓர் அங்குலத்தில் நின்றிருந்தது. அவர் முகம் வெளிறிப்போனது. என் பொருத்தனை உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கர்த்தர் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் அல்லர் என்று கிருபாபாயும் சொல்லவில்லை. அந்தக் கையைத் தொட்டித் தண்ணீருக்குக் கொண்டுபோய், நகக்கண் வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். மிஸ் கார்வர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கழுவி முடித்துவிட்டு ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள்.

"கன்னையா, கைய கழுவிக்கினு உள்ள வா. இனிமே ரெண்டு பேருக்கும் நீதான் ருசி பாக்கணும்."

அவன் வந்தான். தோசைக்கல்லில் சுட்ட துண்டு ஒன்றை வாயில் போட்டு மென்றான். இரண்டு பெண்களும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உப்பு சரி, காரம்தான் போதாது என்றான்.