வெள்ளைக் கோட்டில் ஊற்றிய தண்ணீர்

ஓட்டப் பந்தயக்காரர்கள் அந்தப் போட்டோக்காரனுக்கு வைத்த பெயர் தவளை. நடுரோட்டில் கேமராவும் கையுமாக அப்படிக் குந்தியிருப்பான். ஆரம்பத்தில் அவன் படம் எடுத்த லட்சணத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! ஓடுகிறவர்கள் பின்னாலேயே லென்ஸைத் திருப்பித் திருப்பி எடுப்பான்; விளக்குக் கம்பம் பளிச்சென்று விழும், ஆள் கலங்கிப்போயிருப்பார். "ஏம்ப்பா, இது மூஞ்சியா, பிசைஞ்சு வச்ச மாவா?" என்று பந்தயம் நடத்தும் அம்மாள் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள்.

மானம் போனதும் புத்தி வந்தது. துரத்துவதை விட்டான். சாலையில் ஓர் இடத்தைக் குறித்து, ஃபோகஸை அங்கேயே நிறுத்திவைத்து, ஆள் அங்கு வந்து சேரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். கேமராவைத் தரையோடு தாழ்த்தினால் குப்பைத்தொட்டியும் கடைப்பலகையும் ஒழிந்து, தலைக்குப் பின்னால் வானம் மட்டும் நிற்கும் என்றும் கண்டுகொண்டான். கெட்டிக்காரன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆசை அத்தோடு அடங்கியதா? படத்தின் அடிப்பக்கம் வெறிச்சென்று இருக்கிறதாம். தரை நனைந்திருந்தால் பளபளக்குமாம், பாதம் பட்டதும் நீர் சிதறுமாம்.

அன்றைய பந்தயத்தில் அவன் தங்கையும் ஓடினாள். முதல் மூன்று பேருக்குள் வந்தால் ஒரு கம்பெனி தன் ஓட்ட அணியில் சேர்த்து வேலை கொடுக்கும். தையல் கொட்டகையில் காலர் தைத்துத் தைத்து அலுத்துப்போனவளுக்கு அதுதான் ஒரே வழி. இரண்டு சுற்று ஓட வேண்டும். முதல் சுற்றில் தங்கை இருந்த முன்னணிக் கூட்டம் தன்னைத் தாண்டியதும், தவளை ஓடுகிறவர்கள் குடிக்க வைத்திருந்த வாளித் தண்ணீரை எடுத்து, பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோடுகளின் மேல் ஊற்றினான். நனைந்த பெயின்ட் வழுக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? பின்னால் மெதுவாக வந்தவர்கள் யாரும் விழவில்லை. அது போதும் என்று இருந்துவிட்டான்.

இரண்டாம் சுற்றில் தங்கை இரண்டாவதாகப் பறந்து வந்தாள். ஈரக் கோட்டில் கால் வைத்தாள், சறுக்கினாள், முட்டி மடங்கி விழுந்தாள். வலியில் அவனைப் பார்த்துக் கையை நீட்டினாள். அந்தக் கல்நெஞ்சன் எழுந்திருக்கவில்லை, விரல் அழுத்திக்கொண்டே இருந்தது. ஓடுகிறவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த பெரியவர்தான் ஓடிவந்து அவளைத் தூக்கினார்.

இனி ஓட்டம் கிடையாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். காலில் கட்டோடு படுத்திருந்தவள், பார்க்க வந்த அண்ணனிடம் கேட்டாள்.

"அங்க யாரு தண்ணி ஊத்தினதுன்னு தெரிஞ்சுதா?"

"உன்னைத் தூக்கினாரே, அந்தப் பெரியவர்தான். வாளியைக் கவுத்துட்டார்போல." வாய் கூசாமல் வந்தது.

அவள் சத்தம் போடவில்லை. "பின்னால யாரு வர்றாங்கன்னு முதல் சுத்துலயே திரும்பிப் பார்த்தேண்ணா. நீதான் ஊத்திட்டிருந்தே. நான் வர்ற பாதையில வழுக்குற மாதிரி நீ ஊத்தமாட்டேங்கிற நம்பிக்கையிலதான், கீழகூடப் பார்க்காம காலை வச்சேன்."

அவன் கட்டிலின் கம்பியைத் தடவிக்கொண்டு நின்றான்.

"சரி, படம் எப்படி வந்திருக்கு?"

"கண்ணு ரெண்டும் அவ்வளவு தெளிவா விழுந்திருக்கு. அடுத்த வருஷ போஸ்டருக்குக் கேட்டிருக்காங்க," என்றான் பாவி.