போஞ்சித் தோட்டத்துப் பதக்கம்

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவதை நிறுத்திய கிழமை, என் பிள்ளைகள் காசு சேர்த்து, மண்ணுக்குள் உலோகம் கிடந்தால் கத்துகிற மெற்றல் டிடெக்டர் ஒன்று வாங்கித் தந்தார்கள். அப்பாவுக்குச் சரித்திரத்தில் விருப்பம் என்று அட்டையில் எழுதியிருந்தது. வீட்டில் இருந்தால் வாய் ஓயாது என்ற பயம்தான் உண்மையான காரணம். மனைவி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "சொந்தக் கண்ணாடியைத் தேடித் தர நான் வேணும். ஊரான்ர காணியில இவர் என்னத்தைத் தேடப் போறாராம்?" என்று சுவரிடம் கேட்டாள்.

பிக்கரிங்குக்கு வடக்கே, நான் வருடக்கணக்காக பஸ் ஓட்டிய தெருவில், ஒரு பழைய பண்ணை வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்கார அம்மா தினமும் எனக்குக் கை காட்டுவார். எண்பது தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. காணியை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றாகிவிட்டது. பனி கரைந்ததும் இயந்திரங்கள் வரும். அவர் ஒஷாவாவில் மகளோடு இருக்கப் போகிறார். போர்க்காலத்துச் சாமான் ஏதும் கிடக்கிறதா என்று தேடிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"தேடு. முதலில் அப்பாவின் பதக்கத்தைத் தேடு," என்றார்.

அவருடைய தகப்பன் இரண்டாம் உலகப் போருக்குப் போய், ஒரு பதக்கத்தோடும் ஒரு குடிப்பழக்கத்தோடும் திரும்பி வந்தவர். ஒருநாள் பெரிய சண்டை. பதக்கத்தைப் பின்கதவில் நின்று போஞ்சிக்காய்த் தோட்டத்துக்குள் எறிந்துவிட்டேன் என்று தாய் சொன்னாளாம். தகப்பன் தேடவில்லை. சிறுமியாக இருந்த இவர் தேடினார். அதற்குப் பிறகு, தாய் சாகும்வரை அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

"அதை எறிந்த கையால் மறுநாள் காலை எனக்குத் தலை பின்னிவிட்டாள்," என்றார்.

முன்னமே இரண்டு பேர் கருவி கொண்டுவந்து, ஆளுக்கொரு பின்னேரம் நடந்துவிட்டு, கிடைக்கவில்லை என்று சொல்லிப் போனார்களாம். "கிடைக்கவில்லை என்றால் என்ன? அங்கேயே கிடக்கிறது என்றும் சொல்லலாம், அவள் எறியவே இல்லை என்றும் சொல்லலாம். மேலே வீடுகள் வந்துவிட்டால் இனி எனக்குத் தெரியவே வராது." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. தோட்டம் இருந்த இடத்துப் புல்லைப் பார்த்தார்.

துணைக்கு மச்சாளைக் கூட்டிப் போனேன். மனைவியின் தங்கை, போன வருடம் ஊரிலிருந்து வந்தவள். இங்கே ஸ்காபரோவில் கேக் பெட்டி மடிக்கிறாள். அங்கே முகமாலையில், சண்டை நடந்த காணிகளில் மிதிவெடி அகற்றும் வேலை. கருவியைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். தெரிந்திருந்தது.

புல் வெட்டுகிறவன் போல நான் கருவியை வீசிக்கொண்டு நடந்தேன். கீச்சென்று சத்தம் கேட்டது. "ஓடி வாரும்!" என்று கத்தித் திரும்பினால், மச்சாள் வேலிக்கு அங்கால் நின்றாள்.

"ஏன் அங்க நிக்கிறீர்?"

"பழக்கம், அத்தான். சத்தம் கேட்டா மற்ற ஆக்கள் தள்ளிப் போறதுதான் முறை. நீங்கள் என்னெண்டால் பந்திக்குக் கூப்பிட்ட மாதிரித் துள்ளுறியள்."

தோண்டினால் ஒரு பித்தளைப் பொத்தான். பட்டாளத்துக் கோட்டில் இருந்து கழன்றது. அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வீட்டுக்கார அம்மா கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, அப்பாவின் கோட்டைத் தாய் தோட்டத்து வெருளிப் பொம்மைக்குப் போட்டிருந்தாள் என்றார். ஒரு போர்வீரனின் பொத்தானைக் கண்டெடுத்தேன் என்று முகநூலில் போட இருந்தேன். காகம் விரட்டியவனின் பொத்தான் என்று போட மனம் வரவில்லை.

அன்றோடு கருவி என் கையை விட்டுப் போனது.

மச்சாள் முதலில் என்னைப் பின்கதவில் நிறுத்தி, பதக்கத்தின் பாரத்தில் ஒரு இரும்பு வளையத்தை எறியச் சொன்னாள். எறிந்தேன்.

"இது கோபத்தில எறிஞ்ச மாதிரித் தெரியேல்லை, அத்தான். கோழிக்கு அரிசி போட்ட மாதிரி இருக்கு." தானே வாங்கி எறிந்தாள். வளையம் வேலியைத் தாண்டிப் போனது. அதற்கும் அங்கால் பல அடி தள்ளித்தான் எல்லைத் தடி நட்டாள். தேடவேண்டிய இடம் இரண்டு மடங்கானது.

பிறகு கயிறு கட்டினாள். நிலத்தை ஒரு கை நீட்டும் அகலத்துக்கு ஓடை ஓடையாகப் பிரித்து, முழங்காலில் இருந்துகொண்டு நகர்ந்தாள். வேலை தொடங்குமுன் ஒரு காசை மண்ணுக்குள் தாட்டு, கருவி கத்துகிறதா என்று பார்ப்பாள். கத்திய இடமெல்லாம் தோண்டினாள். ஆணி, லாடம், போத்தல் மூடி, மூக்குடைந்த கரண்டி. ஒரு சனிக்கிழமை முழுக்க வேலை செய்தால் ஒரு பாய் விரிக்கும் இடம் முடியும்.

"கொஞ்சம் எட்டி வையும். பனி கொட்டப் போகுது," என்றேன்.

"எட்டி வைச்ச ஆக்களின்ர காலைத்தான் நாங்கள் பொறுக்கினது," என்றாள். அதற்குப் பிறகு நான் தேத்தண்ணி ஊற்றுகிற வேலையை மட்டும் பார்த்தேன்.

இலையுதிர்காலம் முழுவதும் சனி ஞாயிறு போனோம். வீட்டுக்கார அம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு பின்கதவில் கதிரை போட்டு இருப்பார். கருவி கத்தும்போதெல்லாம் கதிரையின் கையைப் பிடிப்பார். கடைசி ஓடை முடிந்த அன்று மச்சாள் கயிற்றைச் சுருட்டிவிட்டு, "சொல்லுங்கோ அத்தான்," என்றாள்.

மன்னிக்கவேண்டும், கிடைக்கவில்லை என்று நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். மச்சாளுக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. கிடைக்கேல்லை எண்டு இவவுக்கு முந்தியே ரெண்டு பேர் சொல்லிப்போட்டினம். இல்லை எண்டு சொல்லுங்கோ. இந்த நிலத்தில அது இல்லை."

"எப்பிடியப்பா அடிச்சுச் சொல்லுறது?"

"நாங்கள் அடிச்சுச் சொன்னாத்தானே சனம் காணிக்குத் திரும்பி வரும்."

சொன்னேன். வீட்டுக்கார அம்மா மச்சாளைப் பார்த்து, "நிச்சயமா?" என்றார்.

மச்சாள் தோட்டத்துக்குள் இறங்கி, குறுக்கும் நெடுக்கும் காலை ஊன்றி மிதித்து நடந்தாள். மிதிவெடி அகற்றிய காணியைக் கையளிக்கும்போது சொந்தக்காரருக்கு முன்னால் அப்படித்தான் நடந்து காட்டுவார்களாம். போஞ்சித் தோட்டத்தில் இதற்கு என்ன தேவை என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கார அம்மாவும் கேட்கவில்லை. அவள் நடந்து முடியும்வரை எழுந்து நின்றார்.

"அப்படியென்றால் அவள் எறியவில்லை," என்றார். போர்வையை மடித்துக்கொண்டு, "பொய்க்காரி," என்றார். முகம் அந்தச் சொல்லுக்குப் பொருத்தமாக இல்லை. பிறகு என்னிடம், கார் இருக்கிறதா, கல்லறைக்குக் கூட்டிப் போகமுடியுமா என்று கேட்டார். தாயோடு கதைக்கவேண்டுமாம்.

போனோம். தாயும் தகப்பனும் ஒரே கல்லின் கீழ்தான் இருந்தார்கள். வீட்டுக்கார அம்மா கல்லில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் கதைத்தார். பாதி திட்டுப் போலக் கேட்டது. நாங்கள் காருக்குப் பக்கத்தில் நின்றோம். எறியாத பதக்கத்தை ஒரு பெண் எங்கே வைத்திருப்பாள் என்று யோசித்துக்கொண்டு, நான் தகப்பனின் பக்கத்துப் புல்லைப் பார்த்தேன். பிறகு பின் சீற்றில் கிடந்த கருவியைப் பார்த்தேன்.

"அத்தான்," என்றாள் மச்சாள், "கார்க் கதவைப் பூட்டுங்கோ."