முறை பார்த்து இடிக்கிறவன்

என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், ஆறடி ஆறங்குலப் பையனை எடை போடும் வேலை எனக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. என் வீட்டுக்காரர்கூட, "ஏணி எடுத்துட்டுப் போறியா, அங்கயே குடுப்பாங்களா?" என்று கேட்டார். அன்று அவருக்குக் காபி தாமதமாகத்தான் கிடைத்தது.

ஆனால் நெட்டையர்களை எனக்கு நன்றாகவே தெரியும். கல்லூரியில் தொடங்கி, கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் பாஸ்கெட்பால் ஆடினேன். பந்தைத் தட்டிக்கொண்டு போய் ரிங்குக்கு அடியில் நிற்கும் உயரமானவர்கள் கையில் கொடுப்பதுதான் என் வேலை. அவர்கள் போடுவார்கள், கைதட்டல் அவர்களுக்குப் போகும். எவள் பந்தைப் பிடிப்பாள், எவள் அதை மூக்கில் வாங்கிக்கொண்டு என்னைத் திட்டுவாள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்த ஆட்டத்தால்தான் அரசு வேலையும் கிடைத்தது. அதனால் புதுச்சேரி ஜூனியர் அணிக்கு ஆள் எடுக்க மூன்று பேரில் ஒருத்தியாக வரச் சொன்னபோது, யோசிக்காமல் சரி என்றேன்.

மற்ற இருவரில் ஒருவர் கோச். என்னைவிடச் சின்னவர், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவர், சதா விசிலைக் கடித்துக்கொண்டிருப்பவர். இன்னொருவர் அந்தக் காலத்தில் எங்கள் ஊரின் பெரிய சென்டர், அதாவது ரிங்குக்கு அடியில் நின்று ஆடுகிறவர். அவர் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அதனால் அவரை எல்லாரும் ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் சொல்கிற மாதிரி முசே என்றுதான் கூப்பிடுவோம். முழங்கால் போன பிறகு கடற்கரைப் பக்கம் பெத்தாங் என்கிற பிரெஞ்சு ஆட்டத்தில் இரும்புக் குண்டு எறிந்துகொண்டிருக்கிறார். பாஸ்கெட்பாலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் நிறுத்த மாட்டார்.

அணியில் பதினொரு பேர் முடிவாகிவிட்டார்கள். பாக்கி இருந்தது ஒரே ஓர் இடம், மாற்று சென்டருக்கு. போட்டி இரண்டு பேருக்குள். ஒருவன் மூலக்குளத்துப் பையன். ஒழுங்காகப் பயிற்சிக்குப் போய்க் கற்றவன், கால் வைக்கும் இடமெல்லாம் அழகு. இன்னொருவன் மீனவர் ஊரான வைத்திக்குப்பத்து நெட்டையன். அவனுக்கு இந்த வயதுப் பிரிவில் இதுதான் கடைசி வருஷம். அணிக்கு வந்துவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட் கேட்கலாம். வராவிட்டால், பிளஸ் டூ மார்க்கை வைத்துக்கொண்டு அவன் எங்கேயும் கேட்க முடியாது. ஐஸ் பேக்டரியில் ஒரு வேலை அவனுக்காகத் தயாராக இருந்தது.

நெட்டையனை முதல் நாள் பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. கைதான் காரணம். எவ்வளவு மோசமாக வீசினாலும் பந்து அந்தக் கைக்குள் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும். என் வாழ்நாளில் இப்படி ஒரு கை எதிரில் நின்றிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் பிரபலமாகியிருப்பேன். ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்து எந்தப் பக்கம் விழும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு கடைசி வரை ஓடினான். கோபமே வரவில்லை. எனக்கு அது ஒரு ஆச்சரியம், எனக்கு வராத நாளே கிடையாது.

குறைகளும் இருந்தன, இல்லாமல் என்ன? இடது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பந்தைத் தலைக்கு மேலே பிடித்துவிட்டு, என்ன நினைப்பானோ, இடுப்புக்குக் கீழே இறக்குவான். என்னை மாதிரிக் குள்ளர்கள் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். யாரும் தடுக்காத ஃப்ரீ த்ரோ போட அவன் நின்றால் நாங்கள் கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. இதெல்லாம் சொல்லிக்கொடுத்தால் வரக்கூடியவை.

சரிசெய்ய முடியாததாகத் தோன்றியது வேறு ஒன்று. சில சமயம் எதிராளியைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு போய்ப் பந்தைப் போட்டான். வேறு சில சமயம் அதே பந்து, அதே இடம், ஆனால் மரியாதையாக ஒதுங்கி நின்று எதிராளிக்கு வழி விட்டான். ஒருமுறை பந்தை எடுத்தவன் தானே அதை எதிராளி கையில் வைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

"பயந்தாங்கொள்ளி," என்றார் கோச், விசிலை வாயிலிருந்து எடுக்காமலே.

"சைஸ் இருக்கு, சூடு இல்ல," என்றார் முசே. "சென்டர்னா உள்ள ஒரு கெட்ட புத்தி வேணும்மா. எனக்கு இருந்துச்சி."

"உங்களுக்கு இன்னும் இருக்கு முசே," என்றேன்.

பயந்தவன் என்றால் எல்லாரிடமும் பயப்பட வேண்டும். இவன் பாதிப் பேரிடம் புலி, பாதிப் பேரிடம் பூனை. யோசித்து யோசித்துத் தலை வலித்தது. மறு ஞாயிறு பெஞ்சிலிருந்து எழுந்து ரிங்குக்குப் பின்னால் கோட்டோரத்தில் போய் நின்றேன். அங்கே நின்றால் கண்ணுக்குத் தெரிவதைவிடக் காதுக்கு அதிகம் கிடைக்கும்.

அப்போதுதான் கேட்டது. ஒரு பந்துக்காக இருவர் எம்ப, நெட்டையன் முழங்கை லேசாக எதிராளி மேல் உரசியது. உடனே பந்தை விட்டுவிட்டு, "பட்டுடுச்சா சித்தப்பா?" என்றான். அடுத்த பந்து வேறொருவர் மேல். அவரை நெஞ்சோடு மோதித் தரையில் உட்கார வைத்துவிட்டு, "எழுந்துரு மாமா, வெயில் ஏறுது பாரு," என்று பல்லைக் காட்டினான். கீழே கிடந்தவரும், "இருடி மாப்ள, ஒனக்கு வெக்கறேன்," என்று சிரித்துக்கொண்டே எழுந்தார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பையன்களைச் சோதிக்க முரட்டு உடம்பு வேண்டும் என்று கோச் கூட்டி வந்திருந்தது எல்லாம் வைத்திக்குப்பம் கிளப்பின் சீனியர்கள். மூலக்குளத்துப் பையனுக்கு அவர்கள் யாரோ எவரோ. நெட்டையனுக்கோ அத்தனை பேரும் சொந்தம். மாமன் முறை, மச்சான் முறை என்றால் கேலி செய்யலாம், காலை வாரலாம், இடித்தும் தள்ளலாம். சித்தப்பாவையும் அண்ணனையும் தொடுவானா? ஊரில் எந்தக் கல்யாணத்திலும் நடப்பதுதான் இது. பாஸ்கெட்பால் கோர்ட்டில் அதை எதிர்பார்க்க எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

கோச்சிடம் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டார். முசே ஒத்துக்கொள்ளவில்லை. "ஆட வந்தவன் முறை பாத்தா எப்படி?"

"வெளியூர் டீம்ல அவனுக்கு யாரு சித்தப்பா இருக்கப்போறா? நீங்க சொந்தக்காரங்கள நிறுத்திட்டு அவனப் பயந்தவன்னு சொல்றீங்க. அது எனக்கு ஒத்துவராது," என்று கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டேன். கடைசித் தேர்வுக்குச் சொந்தமே இல்லாத ஆட்களைக் கொண்டுவருவது என்று முடிவாயிற்று.

ஊரில் அப்படிப்பட்டவர்கள் எங்கே கிடைப்பார்கள் என்று தேட வேண்டியிருக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் சாயங்காலம் ஆடுவார்கள். நாட்டின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்தவர்கள். கோச் போய்க் கேட்டதும் சந்தோஷமாக வந்தார்கள். அவர்களுடைய சென்டர் வடக்கிலிருந்து வந்தவர். நெட்டையன் அளவு உயரம், அவனைவிட அகலம். பார்த்ததும் எனக்கு நிம்மதி. இந்த மனிதர் எந்த வழியிலும் வைத்திக்குப்பத்துக்குச் சித்தப்பா ஆக முடியாது.

நினைத்தபடியே நடந்தது, பாதி ஆட்டம் வரைக்கும். நெட்டையன் வடக்கத்திக்காரரைத் தோளில் ஏற்றி வைக்காத குறை. ரிங்கில் பட்டுத் திரும்பிய பந்தெல்லாம் அவனுக்கே. மூலக்குளத்துப் பையனும் நன்றாகத்தான் ஆடினான், ஆனால் அந்த அகலத்துக்கு முன்னால் நகர முடியவில்லை. முசே நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். நான் ஒன்றும் தெரியாதவள் போல நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளைக்குச் சற்று முன்பு நெட்டையன் முழங்கையைக் கம்பத்தில் இடித்துக்கொண்டான். வந்தது வினை. அந்த வடக்கத்திக்காரர் ஓடிவந்து, கையைப் பிடித்துப் பார்த்து, வார்டில் கற்ற தமிழில் அன்பாகக் கேட்டார். "தம்பி, எங்க வலிக்குது? எத்தன நாளா வலிக்குது?"

"இப்பத்தாண்ணே," என்றான் நெட்டையன்.

அண்ணே என்ற சொல் காதில் விழுந்ததும் நகத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆட்டம் மறுபடி தொடங்கியது. நம்முடைய ஆள் ஒதுங்கினான். வழிவிட்டான். வடக்கத்திக்காரர் அடுத்தடுத்துப் போட்டார், போட்டுவிட்டு, "நல்லா இருக்கியா தம்பி?" என்று வேறு விசாரித்தார். முசே என் பக்கம் திரும்பி, "சொந்தமே இல்லாத ஆளு," என்றார். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தேர்வு செய்கிறவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அது எனக்கும் தெரியும். ஒரு காலேஜ் சீட் கண் முன்னால் கைநழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருக்க என்னால் முடியவில்லை. எழுந்து நின்று கத்தினேன். "டேய்! அவரு உனக்கு அண்ணன் இல்லடா! மாமன் முறை!"

கோர்ட் முழுக்க நின்றுவிட்டது. "எப்படி மேடம்?" என்றான் அவன், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் மாதிரி.

"எங்க வழியில! கேள்வி கேக்காத!"

அவன் வடக்கத்திக்காரரைப் பார்த்துச் சந்தேகத்துடன், "மாமா?" என்றான். அவர் முழித்தார். அவருடைய தோழர்களில் தமிழ்ப்பையன் ஒருவன் காதில் ஏதோ விளக்கினான். விளங்கியதும் அந்த அகலமான முகம் முழுக்கச் சிரிப்பு. "சரி மாப்ள," என்றார், சொல்லிக்கொடுத்தபடியே. அடுத்த பந்தில் மாப்பிள்ளை இடித்த இடியில் மாமா எங்கள் பெஞ்சுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். முசேவின் கெட்டுப்போன முழங்காலும் ஒரு துள்ளு துள்ளியது.

"எல்லா ஊருக்கும் நீ கூடப் போய்க் கத்துவியா?" என்று முசே கேட்டார். நியாயமான கேள்வி. பதில் கோர்ட்டிலிருந்து வந்தது. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் மாணவர்கள் சென்டரை மாற்றிப் புது ஆளை இறக்கினார்கள். நெட்டையன் அவர் அருகில் போனான், தானாகவே, "வரேன் மாமா, பாத்துக்கோங்க," என்று சொன்னான், பந்தை வாங்கினான், திரும்பினான், போட்டான். யாரும் கத்தவில்லை. கோச் விசிலை வாயிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தார்.

நாங்கள் அதிகம் பேசவில்லை. இடது கை இல்லை என்றேன். ஃப்ரீ த்ரோவைப் பார்க்கச் சகிக்கவில்லை என்றார் கோச். "கத்துப்பான்," என்றார் முசே. மூலக்குளத்துப் பையனுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது என்பது எங்கள் மூவருக்குமே பெரிய ஆறுதல். இடம் அவனுக்குத்தான் என்று கோச் போய்ச் சொன்னதும் நெட்டையன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு கம்பத்தில் சாய்ந்து நின்றான். மூலக்குளத்துப் பையன் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து போய் அவன் முதுகில் ஒன்று வைத்தான்.

கிளம்பும்போது கேட்டருகில் ஒரு அம்மா என்னை நிறுத்தினார். மீன் விற்றுவிட்டு நேராக வந்திருந்தார், காலி அலுமினிய அன்னக்கூடை இடுப்பில். கம்பி வேலிக்கு வெளியே நின்று முழு ஆட்டத்தையும் பார்த்திருக்கிறார்.

"நான் அவன் அம்மா. சத்தம் போட்டது நீதான?"

ஆமாம் என்றேன். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து, பரவாயில்லை என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

"சின்னதுலயே இவனுக்குப் பெரிய ஒடம்பும்மா. பக்கத்து வூட்டுப் புள்ள ஒண்ணு இவன் மேல மோதி கை ஒடிஞ்சிடுச்சி. இவன் ஒண்ணும் பண்ணல, சும்மாதான் நின்னான். அன்னிலேர்ந்து யார் மேலயும் பட்டுடாதடா, பட்டுடாதடான்னு சொல்லியே வளத்துட்டேன். தெருவுல நடந்தாகூட ஓரமாத்தான் நடப்பான்." கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டார். "இப்ப நீங்கள்லாம் இடிக்கச் சொல்லிக் குடுத்துட்டீங்க. நல்லதுக்குத்தான், தெரியுது. ஆனா வூட்டுக்கு வரும்போது எம்புள்ள பழைய புள்ளயா வருவானா?"

அவனுக்கு என்னென்ன குறை என்று நாள்கணக்கில் பேசினோமே, அவன் ஒதுங்கி நின்றதில் இந்த அம்மாவுடைய இத்தனை வருஷ உழைப்பு இருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது.

"வருவான்," என்றேன்.

"நீ பொறுப்பா?"

"பொறுப்பு."

என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். மேலும் கீழும் என்றால் என் விஷயத்தில் அதிக நேரம் ஆகாது. பிறகு சிரித்துவிட்டார். "அப்ப நீ எனக்குத் தங்கச்சி. அவனுக்குச் சித்தி. நாளைக்கு எதுனா ஆச்சின்னா ஒன் வாசல்லதான் வந்து நிப்பேன், ஆமா."

அன்றிலிருந்து அவன் எங்கே ஆடினாலும் போய்விடுகிறேன். அவன் புள்ளி போட்டால் எல்லாரும் கைதட்டுகிறார்கள். நான் மட்டும் எதிராளி கீழே விழுந்த இடத்தை எட்டிப் பார்க்கிறேன், அடி பலமா என்று.