சித்தி போட்ட சிமெண்டுத் திண்டு

என் சித்தி நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வால்வு திறக்கும் வேலை பார்த்தவள். மலை ஏரியிலிருந்து குழாயில் பாய்ந்து வரும் தண்ணீர், ஊருக்குள் நுழைவதற்கு முன் ஒரு சிறிய அறையில் சுவரில் மோதி வேகம் தணியும். அப்படி மோதாவிட்டால் வீட்டுக் குழாய்கள் வெடித்துவிடும். இருபத்தெட்டு வருடம் அந்த இரைச்சலுக்குப் பக்கத்திலேயே இருந்ததில் சித்திக்கு மெதுவாகப் பேச வராது. "உங்க சித்தி ரகசியம் சொன்னா தெருக்கோடிக்கும் கேக்கும்" என்பார் சித்தப்பா.

"ஓடி வர்ற குதிரைய செவுத்துல முட்ட விட்டுக் கொல்றோம்டி" என்று சித்தி புலம்புவாள். அங்கே தண்ணீர் சுழற்றும் ஒரு சக்கரம் வைத்தால், அதில் வரும் மின்சாரத்தில் தெருவிளக்குகள் எரியும். ஆனால் மின்சாரம் எடுப்பது மின்வாரியத்தின் வேலை. நகராட்சி அதில் கைவைக்கச் சட்டம் இடம் தரவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன் அந்த அறைக்குத் தளம் போட்டார்கள். மிஞ்சிய கலவையில், சக்கரம் உட்கார ஒரு திண்டு போட்டாள் சித்தி. ஈரம் காய்வதற்குள் விரலால் தேதியும் எழுதினாள். சட்டம் இன்றைக்கோ நாளைக்கோ மாறிவிடும் என்ற நம்பிக்கை. யாராவது அதன்மேல் டீ கிளாஸை வைத்தால்கூட, "எடு, அது சக்கரத்தோட எடம்" என்பாள்.

நான் ஊர் ஊராகச் சுற்றிய ஆறு வருடமும், போனில் "சாப்டியா?" என்பதற்கு முன்னால் "அங்க தண்ணிய என்னடி பண்றாங்க?" என்றுதான் கேட்பாள். கண்ணில் பட்ட சக்கரங்களையெல்லாம் படம் எடுத்து அனுப்பினேன். அத்தனையும் அந்த அறைச் சுவரில் ஒட்டப்பட்டு, நீர்த்திவலை பட்டுச் சுருண்டிருந்தன.

நான் திரும்பி வந்த மாதம் சட்டம் வந்தது. உள்ளாட்சிகள் தண்ணீரிலும் வெயிலிலும் காற்றிலும் சிறிய அளவில் மின்சாரம் எடுக்கலாம். ஆனால் சட்டம் வந்த பிறகு தொடங்கும் வேலைக்கு மட்டுமே அனுமதி. சித்தி ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது.

நகராட்சி உடனே விண்ணப்பம் போட்டது. பார்வையிட வந்த பொறியாளர் திண்டைக் காட்டினார். "இது என்ன?"

நகராட்சித் தலைவர் முந்திக்கொண்டார். "துணி தோய்க்கிற கல்லு சார்."

"தேதி போட்டுத்தான் தோய்ப்பீங்களா?"

"நான் போட்டது சார்" என்றாள் சித்தி. "சக்கரத்துக்கு."

பொறியாளர் கையிலிருந்த கோப்பை மூடினார். "அப்ப இது ஏற்கெனவே ஆரம்பிச்ச வேலைம்மா. அனுமதி தர முடியாது. இத எடுத்துட்டுப் புதுசா விண்ணப்பம் போடுங்க. நான் திரும்பி வர ஆறு மாசம் ஆகும்."

அவர் போனதும் தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். "வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல அக்கா?"

"என் கையெழுத்தைத் துணி தோய்க்கிற கல்லுன்னு சொல்லச் சொல்றீங்களா?"

மறுநாள் சித்தியே கடப்பாரை எடுத்தாள். தேதி இருந்த துண்டு உடையாமல் பெயர்ந்து வந்தது. நான் அதை எடுத்து வைக்கப் போனேன். "போடுடி அத. இருந்தா மறுபடி கேள்வி கேப்பாங்க" என்று வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். விண்ணப்பம் அன்றைக்கே போனது.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டாள். மாலையில் நடக்கப் போகிறேன் என்று கிளம்பி, நேராக அந்த அறைக்குத்தான் போகிறாள். புதிதாக வந்த பெண், "உள்ள வாங்கக்கா" என்று கூப்பிடுகிறாள்.

"சக்கரம் வந்தப்புறம் வர்றேன்."

வெளியிலேயே நின்று, மலையிலிருந்து இறங்கும் குழாயின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறாள். அது அதிர்ந்துகொண்டே இருக்கிறது.